வாழைப்பூ கறுப்பதும் உடம்பு துருப்பிடிப்பதும்: கொழும்புச் சமையலறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாழைப்பூவை அரிந்து தட்டில் போட்டுவிட்டு, வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போய்வந்தால் அது கறுத்திருக்கும். அதனால்தான் எங்கள் வீடுகளில் கத்தியை எடுக்கும் முன்பே ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றித் தேசிக்காய் பிழிந்து வைப்பார்கள். அரிந்தது நேரே அதற்குள் விழும், நிறம் மாறாது. பூவிலுள்ள பீனோல் வகைப் பொருட்கள் காற்றின் ஒட்சிசனோடு சேர்வதால்தான் அந்தக் கறுப்பு. தேசிக்காயின் புளிப்பு அந்த வேலையைச் செய்யும் நொதியத்தை முடக்குகிறது. அதிலுள்ள விற்றமின் சி, மாறத் தொடங்கிய பொருளைப் பழையபடி திருப்பிவிடுகிறது.

பார்மசி அலுமாரிகளில் நிற்கும் 'அன்டிஒக்சிடன்ட்' (இப்படி ஒட்சிசனோடு சேர்ந்து கெடுவதைத் தடுக்கும் பொருள்) போத்தல்கள் எல்லாம் இந்தச் சட்டியை நம்பித்தான் விற்கப்படுகின்றன. தேசிக்காய் பூவைக் காத்ததுபோல் குளிசை உங்கள் இதயத்தைக் காக்கும் என்பது அவர்கள் கணக்கு. நானும் நம்பினேன். வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் கொண்டுவந்து தந்த போத்தலை மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் விழுங்கினேன். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சீனி 114 இலிருந்து 117 ஆனது. போத்தலும் முடிந்தது.

சட்டிக்குள் நடப்பது இரத்தத்துக்குள் அப்படியே நடப்பதில்லை. அப்படியானால் கீரையும் கறுவாவும் தேயிலையும் உடம்புக்கு என்னதான் செய்கின்றன, அவற்றை எப்படிச் சமைத்தால் பயன் கிடைக்கும் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். இலங்கையில் ஐந்து மரணங்களில் ஏறத்தாழ நான்கு தொற்றாநோய்களால் நிகழ்கின்றன. நாற்பதைத் தாண்டி, ரிப்போர்ட்டில் 'கொஞ்சம் கூட' என்று டாக்டர் சொல்லத் தொடங்கியிருப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

படிகளுக்கு முன்: உள்ளே என்ன நடக்கிறது

சாப்பிட்ட சோறு சக்தியாக மாறுவது கலங்களுக்குள் இருக்கும் இழைமணிகளில். அங்கே இலத்திரன்கள் கைக்குக் கை மாறிப் போகும்போது சில நழுவி ஒட்சிசனோடு ஒட்டிக்கொள்கின்றன. சோடியில்லாத இலத்திரனோடு அலையும் இந்தத் துணுக்குகளே சுயாதீன மூலிகங்கள். எதன்மீது மோதுகின்றனவோ அதிலிருந்து ஓர் இலத்திரனைப் பறிக்கும். பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கப் போகும். முதுமைக்கே இதுதான் காரணம் என்று விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956 இல் ஒரு கருதுகோளை வைத்தார். 1969 இல் மக்கோர்ட், ஃபிரிடோவிச் ஆகிய இருவரும் இவற்றை அடக்க உடம்பே செய்து வைத்திருக்கும் ஒரு நொதியத்தைக் கண்டறிந்தார்கள்: சுப்பரொக்சைட் டிஸ்மியூட்டேஸ். கட்டலேஸ், குளூட்டதயோன் என்று அதற்குக் கூட்டாளிகளும் உண்டு. ஆக, காவல்காரன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

சுயாதீன மூலிகங்கள் முழுக்கக் கெட்டவையும் அல்ல. கிருமியைக் கொல்ல வெண்குருதிக் கலங்கள் அவற்றைத்தான் வீசுகின்றன. உற்பத்தி காவலை மிஞ்சும்போதுதான் தொல்லை. அந்த நிலைக்கு ஒட்சியேற்ற அழுத்தம் என்று பெயர். நாடிச் சுவருக்குள் புகுந்த எல்டிஎல் கொழுப்பு ஒட்சியேற்றம் அடைந்தால், வெண்குருதிக் கலங்கள் அதை விழுங்கி வீங்கி அங்கேயே தங்கிவிடும். அடைப்பின் முதற்படிவு அதுதான். இரத்தத்தில் சீனி கூடினால் இழைமணிகள் திணறி சுப்பரொக்சைட் என்ற சுயாதீன மூலிகத்தை இன்னும் அதிகமாகக் கக்கும். நீரிழிவுக்காரரின் கண், சிறுநீரகம், நரம்பு எல்லாம் ஒருமிக்கப் பழுதாவதற்கு இது ஒரு முக்கிய வழி.

சரி, வெளியிலிருந்து அன்டிஒக்சிடன்டை ஊற்றினால் தீர்ந்தது என்றுதான் விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து ஆய்வு செய்தார்கள். பீட்டா கரோட்டின் குளிசை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது என்று 1994 இல் முடிவு வந்தது. அமெரிக்காவில் அதேபோன்ற ஆய்வொன்றை 1996 இல் இடைநடுவில் நிறுத்தினார்கள். அங்கே கூடியது 28 சதவீதம். விற்றமின் ஈ குளிசை புரஸ்டேட் புற்றுநோயை 17 சதவீதம் கூட்டியதாக 2011 இல் இன்னொரு பெரிய ஆய்வு காட்டியது. எந்தப் பழத்தில் எவ்வளவு அன்டிஒக்சிடன்ட் வலு என்று சோதனைக்குழாயில் அளந்து வெளியிட்டிருந்த அட்டவணையை அமெரிக்க விவசாயத் திணைக்களம் 2012 இல் தன் இணையத்தளத்திலிருந்தே எடுத்துவிட்டது. சட்டிக் கணக்கு உடம்புக்குப் பொருந்தவில்லை.

இன்றைய விளக்கம் எனக்கு அதைவிடச் சுவையாகப் படுகிறது. கீரையின் கசப்பும் கடுகின் காரமும் மஞ்சளின் நிறமும் செடி தன்னைப் பூச்சியிடமிருந்தும் வெயிலிடமிருந்தும் காத்துக்கொள்ளச் செய்தவை. நம் உடம்பு அவற்றை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கிறது. குடலில் சிறிதளவே உறிஞ்சப்படுகின்றன. அதையும் ஈரல் சீக்கிரம் வெளியேற்றிவிடுகிறது. ஆனால் அந்தச் சிறு உறுத்தல் போதும். கலத்துக்குள் எந்நேரமும் கட்டிப்போடப்பட்டிருக்கும் என்ஆர்எஃப்2 என்ற புரதம் அவிழ்ந்து கலத்தின் கருவுக்குள் போய், மேலே சொன்ன வீட்டுக் காவல்காரர்களைக் கூடுதலாக உருவாக்கச் சொல்கிறது. ஆகவே தேவை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, பல வகையாக. ஒரேயடியாகப் போத்தலில் அடைத்து எடுப்பதில் பயனில்லை.

முதலாம் படி: இலக்கங்களைக் கொப்பியில் எழுதுங்கள்

எதையும் மாற்றும் முன், வெறும் வயிற்றுச் சீனி, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனிக் கணக்கு), கொலஸ்ட்ரோல் விவரம், சிறுநீரகத்துக்கான கிரியட்டினின், பிரஷர் ஆகியவற்றை எடுங்கள். 35 வயதைக் கடந்தவர்களுக்கு அரசாங்க வைத்தியசாலைகளோடு இணைந்த சுகவாழ்வு நிலையங்களில் அடிப்படைப் பரிசோதனை இலவசம். அளவுநாடா ஒன்றும் வேண்டும்: நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது. வெறும் வயிற்றுச் சீனி 100 முதல் 125 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்திய நிலை. 126 அல்லது அதற்கு மேல் மீண்டும் காட்டினால் நீரிழிவு. கிரியட்டினினை விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது ஏழாம் படியில் விளங்கும்.

இரண்டாம் படி: முதலில் தீயைக் குறையுங்கள்

சிகரெட் பிடித்துக்கொண்டே வல்லாரை சாப்பிடுவது, எரிகிற வீட்டுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுபோவது மாதிரி. புகையைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். வெற்றிலையைப் பற்றித்தான் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. வெற்றிலை இலைதானே, மருந்துதானே என்பார்கள். இலையில் குற்றமில்லை, உள்ளே வைக்கும் பாக்கைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல், மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருட்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. புகையிலை வைக்காவிட்டாலும் பாக்கு பாக்குத்தான். இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். பாக்கும் மரத்தில் காய்ப்பதுதான் என்பதை, 'இயற்கை' என்று அச்சடித்த எந்தப் பொதியை எடுக்கும்போதும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சீனி. 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் வட்ட வடிவ நிறக்குறி இருக்கிறது. சிவப்பு என்றால் 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி. 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடித்தால் 44 கிராமைத் தாண்டும். வெயிலில் காலி வீதியைக் கடந்துவந்து ஒரே மூச்சில் குடிப்பது அவ்வளவு.

மூன்றாவது, பொரித்த எண்ணெய். மாலையில் வடைத் தாச்சியின் அருகே நின்று கவனியுங்கள். எண்ணெய் புதிதாக இருந்தால் வடையைச் சுற்றிப் பெரிய குமிழிகள் எழுந்து உடனே உடையும். பழைய எண்ணெயில் நுரை பொடியாக, பீர் நுரைபோல் அடங்காமல் நிற்கும்; நிறம் கறுத்த தேநீர் மாதிரி; கண்ணை எரிக்கும் புகை. அந்த எண்ணெய் ஏற்கெனவே ஒட்சியேற்றம் அடைந்தது. வீட்டிலும் இதே சோதனைதான்: பொரித்த எண்ணெயை வடித்து மறுநாள் தாளிக்க ஒருமுறை பயன்படுத்தலாம். மூன்றாம் முறை வேண்டாம்.

நுளம்புச் சுருளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003 இல் ஓர் ஆய்வு அளந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கொளுத்துவதைவிட வலை கட்டுவது மேல்.

மூன்றாம் படி: தட்டின் பங்கை மாற்றுங்கள்

உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும். உருளைக்கிழங்கு, மரவள்ளி இதில் சேராது. 400 என்பது எவ்வளவு என்று வீட்டுத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். மதியம் வாங்கும் சோற்றுப் பார்சலில் சோறு மலையாகவும் மூன்று கறிகள் அதன் ஓரத்தில் பொட்டு வைத்ததுபோலவும் இருப்பது அப்போது உறைக்கும். பார்சலில் பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டு, வீட்டிலிருந்து ஒரு டப்பா வறையோ சம்பலோ கொண்டுபோவதுதான் நான் கண்ட இலகுவான வழி.

எதை வாங்குவது? வெள்ளவத்தைச் சந்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை, அகத்தி, கங்குன் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு எந்த நாளும் கிடைக்கும். ஒரே கீரையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். வல்லாரையில் ஏசியாட்டிகோசைட் உண்டு, முருங்கையிலையில் குவெர்செட்டின் உண்டு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. கங்குனை மட்டும் எங்கே விளைந்தது என்று கேட்டு வாங்குங்கள். கால்வாயோரத்து அழுக்குத் தண்ணீரில் வளர்ந்தால் ஈயம், கட்மியம் போன்றவற்றையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும் செடி அது. கழுவினால் அது போகாது.

பழத்துக்கு அப்பிளும் திராட்சையும் தேடிக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. கொய்யாவில் தோடம்பழத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு விற்றமின் சி. நெல்லி, நாவல், வெரளு எல்லாம் பருவத்தில் தெருவோரத்திலேயே வரும். நாக்கை நீலமாக்கும் நாவலின் நிறமே அந்தோசயனின்தான். ஜூஸ் அடித்தால் நார் போய்விடும், சீனி சேரும், கடித்துச் சாப்பிடுங்கள்.

சிவப்பரிசியின் நிறம் தவிட்டில் இருக்கிறது. நன்றாகத் தீட்டியதை வாங்கினால் பெயருக்குத்தான் சிவப்பு. குரக்கனும் நல்லது. ஆனால் குரக்கன் பிட்டு என்பதற்காக மூன்று குழல் சாப்பிட்டால் அது மாச்சத்துத்தான். சீனி வியாதிக்காரர்கள் பலர் ஏமாறும் இடம் இது.

நான்காம் படி: கத்தியும் அம்மியும்

இந்தப் படியில்தான் காசு செலவில்லாமல் அதிகம் கிடைக்கும்.

வல்லாரைச் சம்பலை எடுத்துக்கொள்வோம். கட்டை அவிழ்த்து, வேரோடு ஒட்டியிருக்கும் சேற்றை நறுக்கி எறிந்துவிட்டு, மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். கடைசித் தண்ணீரில் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு நீரை உதறி, இலைகளைச் சுருட்டுப்போல் இறுகச் சுருட்டி, நூல் நூலாக அரியுங்கள். அரிந்த இலையைப் பிழியாதீர்கள். பச்சைச் சாறாக ஓடுவதுதான் நமக்கு வேண்டியது. சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், ஒரு பிடி தேங்காய்ப்பூ, உப்பு. தேங்காய் ருசிக்கு மட்டுமில்லை: கீரையின் கரோட்டின் கொழுப்போடு சேர்ந்தால்தான் குடலில் உறிஞ்சப்படும். தேசிக்காய்ப் புளியைப் பரிமாறும் நேரத்தில் விடுங்கள். இலை கறுக்காமலும் இருக்கும். கீரையின் இரும்புச்சத்தும் அதனால் கூடுதலாகச் சேரும். காலையில் அரிந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இரவுக்கு எடுக்கும் பழக்கத்தை விடுங்கள். வாழைப்பூவுக்கு நேர்ந்தது இதற்கும் நேரும்.

உள்ளியின் காரப்பொருளான அலிசின் முழுப்பல்லில் கிடையாது. நசுக்கும்போது இரு பொருட்கள் கலந்துதான் அது உருவாகிறது. நசுக்கிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு அடுப்பில் போடுங்கள். முழுசாகச் சூடான எண்ணெயில் போட்டால் நொதியம் வெந்துவிடும். வாசம் மட்டும் மிஞ்சும்.

கோவாவிலும் இதே கதை. அதன் கந்தகப் பொருட்கள், உடம்பின் காவலை எழுப்பும் சல்போரபேன் வகையாக மாற ஒரு நொதியம் வேண்டும். வேகவைத்தால் அது அழியும். அதே நொதியம் பச்சைக் கடுகில் நிறைய இருக்கிறது. வெந்த புரொக்கலியில் ஒரு கிராம் கடுகுத்தூளைத் தூவிச் சாப்பிட்டவர்களுக்கு நான்கு மடங்குக்கு மேல் சல்போரபேன் உடம்பில் சேர்ந்தது என்று 2018 இல் ஓர் ஆய்வு காட்டியது. கோவா வறையை இறக்கிய பிறகு, அம்மியில் பொடித்த கால் தேக்கரண்டி கடுகைக் கலந்து பாருங்கள். தாளித்த கடுகு இந்த வேலைக்கு உதவாது. அச்சாறுக்குக் கடுகைப் பச்சையாக அரைத்துச் சேர்த்தவர்கள் நொதியம் பற்றி அறிந்தா செய்தார்கள்? காரத்துக்காகச் செய்தார்கள். எப்படியோ சரியாக அமைந்துவிட்டது.

தக்காளியை எண்ணெயில் வதக்கினால் அதன் சிவப்பு நிறப்பொருளான லைகோப்பீன் கூடுதலாகச் சேரும். மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதம்தான். அதிலும் உறிஞ்சப்படுவது சொற்பம். மிளகின் பைப்பரினோடு கொடுத்தபோது 20 மடங்கு கூடியது என்பது 1998 இல் அளக்கப்பட்டது. ஆனால் அந்த ஆய்வில் கொடுத்தது 2 கிராம் தனிக் குர்குமின்; சொதியில் போடும் சிட்டிகையை அதோடு ஒப்பிடாதீர்கள். சொதி சொதியாகவே இருக்கட்டும். மஞ்சளைக் கிழங்காக வாங்கி அரைத்தால் நல்லது. 2020 இல் மஞ்சள் தட்டுப்பாடு வந்தபோது தூள் என்ற பெயரில் என்னென்ன விற்றார்கள் என்பதை நாம் மறக்கவில்லை.

கறிவேப்பிலையைத் தட்டோரம் ஒதுக்குவோருக்கு ஒரு வார்த்தை: சின்னதாக அரிந்து போடுங்கள், ஒதுக்க முடியாது.

ஐந்தாம் படி: கோப்பைக்குள்

பிளேன்ரீயின் செந்நிறத்தைத் தருபவை தியாஃபிளேவின், தியாரூபிஜின் என்னும் பொருட்கள். பச்சைக் கொழுந்தின் கற்றெக்கின்கள் தொழிற்சாலையில் ஒட்சியேற்றம் அடைந்து உருவாகின்றன. ஒட்சியேற்றமே நல்லதைச் செய்யும் இடம் இது. நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை, சீனியில்லாமல். முடியாவிட்டால் வாரத்துக்குக் கால் கரண்டியாகக் குறைத்துவாருங்கள், நாக்கு பழகிவிடும். சோற்றோடு சேர்த்துக் குடிக்கவேண்டாம், இரும்புச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழியட்டும்.

கொழும்பு 7 ஐக் கறுவாத்தோட்டம் என்கிறோம். ஒல்லாந்தர் கறுவா பயிரிட்ட நிலம் அது. அந்த ஊரில் இருந்துகொண்டு வெளிநாட்டுக் கசியாப் பட்டைத் தூளை வாங்குவது பரிதாபம். கசியா ஒரே தடித்த பட்டையாகச் சுருண்டிருக்கும். நம் கறுவா கடதாசிபோல் மெல்லிய பல அடுக்குகளாக, கையால் நொறுக்கக்கூடியதாக இருக்கும். வித்தியாசம் ருசியில் மட்டும் இல்லை. கசியாவில் ஈரலைப் பாதிக்கக்கூடிய கூமரின் தாராளமாக உண்டு. நம் கறுவாவில் அது மிகச் சொற்பம். சீனியைக் குறைக்கும் என்ற ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. தேநீரில் ஒரு துண்டு போடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

கொத்தலஹிம்புட்டு மரக்கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பதை நம் சிங்கள அயலவர்களிடம் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள சலசினோல், மாச்சத்தைச் சீனியாக உடைக்கும் குடல் நொதியத்தைத் தடுக்கிறது. சில நீரிழிவு மாத்திரைகளின் வேலையும் இதுவே. மெய்யாகவே வேலை செய்வதால்தான் மருந்தோடு சேர்த்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கக்கூடும். கிளினிக்கில் சொல்லிவிட்டே குடிக்கவேண்டும்.

ஆறாம் படி: நடங்கள்

இது செடியைப் பற்றியதல்ல, ஆனாலும் விட முடியாது. உடற்பயிற்சியின்போது தசைகள் சுயாதீன மூலிகங்களைப் பெருக்குகின்றன. அந்த உறுத்தலால்தான் காவல் பலப்படுகிறது. பயிற்சி செய்தவர்களில் ஒரு பகுதியினருக்கு விற்றமின் சி, ஈ குளிசைகளைப் பெரிய அளவில் கொடுத்து ஜேர்மனியில் செய்த ஆய்வு 2009 இல் வெளிவந்தது. குளிசை எடுத்தவர்களுக்கு, பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் அந்தப் பயனே கிடைக்கவில்லை. வெள்ளவத்தைக் கடற்கரையோரம் அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் போதும்.

ஏழாம் படி: யார் எதைத் தவிர்க்கவேண்டும்

கிரியட்டினின் கூடியவர்கள் காமரங்காவைத் தொடவே கூடாது. அதிலுள்ள ஒரு நச்சைப் பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. தீராத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். நல்ல சிறுநீரகம் உள்ளவர்களும் கொலஸ்ட்ரோலுக்கு நல்லதென்று காமரங்காவையோ பிலிம்பியையோ சாறாகப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடித்தால், ஒட்சலேற்றுப் பளிங்குகள் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்க வைக்கும். தொக்காக இரண்டு பிலிம்பி சாப்பிடுவது வேறு, வெறும் வயிற்றில் சாறு குடிப்பது வேறு. சிறுநீரக நோயாளிகள் கீரையின் பொட்டாசியம் பற்றியும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின் மருந்து எடுப்பவர்கள் கீரையை நிறுத்தவேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் அளவைக் கூட்டிக் குறைக்காமல் இருந்தால் போதும். செறிவூட்டிய மஞ்சள் குளிசைகளால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு. பம்பளிமாஸ் சில பிரஷர், கொலஸ்ட்ரோல் மருந்துகளின் அளவை இரத்தத்தில் மாற்றக்கூடும்.

எட்டாம் படி: மூன்று மாதம் கழித்து

செங்குருதிக் கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆகவே எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்துக் கணக்கைச் சொல்லும். முதல்நாள் மட்டும் பட்டினி கிடந்து ரிப்போர்ட்டை அழகாக்கும் வித்தை அதனிடம் செல்லாது. வீட்டில் விரலைக் குத்திப் பார்ப்பவர்கள், விற்றமின் சி குளிசையைப் பெரிய அளவில் எடுத்தால் சில மீற்றர்கள் பிழையான இலக்கத்தைக் காட்டும் என்பதையும் தெரிந்துவைத்திருங்கள்.

பழைய இலக்கங்களுக்குப் பக்கத்தில் புதியவற்றை எழுதுங்கள். போத்தலை விட்டுவிட்டுச் சோற்றையும் சீனியையும் குறைத்து, கீரையைக் கூட்டி, நடக்கத் தொடங்கி நான்கு மாதத்தில் என் 117 ஆனது 103 ஆக இறங்கியது. அதில் எந்தப் பங்கு வல்லாரையினுடையது, எந்தப் பங்கு நிறுத்திய மாலைநேர பிஸ்கட்டினுடையது என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை இடுப்பையும் அளந்துகொண்டு வரச் சொன்னார்.